காணொளிக் கூட்டத்தில் திரை ஒழுங்கு

செயற்கைக்கோள் வாயிலாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசெல்லும் பெருஞ்சோதனை ஒன்று, 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி நம் நாட்டில் தொடங்கி ஓராண்டுக் காலம் நடைபெற்றது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் அதில் பங்குகொண்டன. விவசாயம், சுகாதாரம், குடும்ப நலம், கல்வி ஆகியவை பற்றிய நிகழ்ச்சிகளை மக்கள் பொதுப் பெட்டியின்முன் கூடியிருந்து கண்டனர். அவர்கள் வசம் இருந்த கட்டுப்பாடுகள் மிகச் சிலவே: பெட்டியை இயக்கலாம், நிறுத்தலாம், ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். எதைக் காட்டுவது, யாரைக் காட்டுவது என்பவற்றை நிலையத்தாரே தீர்மானித்தனர். ஒரு நிகழ்ச்சியைக் கண்ட ஊர்கள் அனைத்திலும் ஒரே படமே தோன்றிற்று.

2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி கல்விக்கென்றே ‘எடுசாட்’ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன்வழி இயங்கிய சில மையங்களிலிருந்து மாணவர்கள் ஆசிரியரோடு திரும்பப் பேசவும் இயன்றது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், காணொளிக் கூட்டம் என்பது கணினியும் கைப்பேசியும் உள்ள வீடுகளுக்கே வந்துவிட்டது. இன்று வட்டார அளவிலான பயிற்சிகளும், களப்பணியாளர் ஆய்வுக் கூட்டங்களும், மருத்துவ ஆலோசனைகளும் இவ்வழியே நடைபெறுகின்றன.

இம்மாறுதலில் பலரும் கவனியாத ஓர் அம்சம் உண்டு. பழைய முறையில் ஒரே படம் எல்லோருக்கும் சென்றது. இன்றோ ஒவ்வொருவருடைய திரையிலும் வெவ்வேறு படம் அமைகிறது. கூட்டத்தை நடத்துபவர் தம் திரையில் காண்பதையே பிறரும் காண்கின்றனர் என்று கருதிக்கொள்வது இயல்பு. அக்கருத்து பெரும்பாலும் தவறானது. இத்தவற்றினால் வகுப்பில் ஒரு பிள்ளை பாடத்தை இழக்கலாம். வயலில் நிற்கும் விவசாயிக்குத் தவறான யோசனை சென்று சேரலாம். ஆதலின் திரை எவ்வாறு அமைகிறது என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் சற்று விளக்கமாக அறிந்திருத்தல் நலம்.

படம் எங்கே அமைகிறது?

கூட்டத்தில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரின் காமிராவும் எடுக்கும் படம், அவரவர் கருவியிலேயே சுருக்கப்பட்டு இணையத்தின் வழியே மைய சர்வரை அடைகிறது. இன்று வழக்கில் உள்ள பெரும்பாலான அமைப்புகளில், அந்தச் சர்வர் எல்லாப் படங்களையும் ஒன்றாக ஒட்டி ஒரே படமாக்கி அனுப்புவதில்லை. எந்தக் கருவிக்கு எந்தெந்தப் படங்கள், எந்த அளவில் வேண்டுமோ அவற்றை மட்டும் தனித்தனியே அக்கருவிக்கு அனுப்பிவைக்கிறது. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து, உரிய பைகளில் இடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

வந்து சேரும் படங்களைத் திரையில் அடுக்குவது அவரவர் கருவியின் வேலை. கணினித் திரையில் இருபத்தைந்து முகங்கள் ஒருங்கே தோன்றும்போது, அதே நேரத்தில் ஒரு கைப்பேசியில் நான்கு முகங்களே தெரியக்கூடும். மற்றவர்களைக் காண விரலால் திரையைத் தள்ள வேண்டும். சாதாரணத் தொலைபேசி வழியாகக் கூட்டத்தில் சேர்ந்தவருக்கோ படமே இராது; குரல் மட்டுமே செவியில் விழும். ‘இதோ இங்கே பாருங்கள்’ என்று விரலால் சுட்டிப் பேசும் ஆசிரியர், அவ்விடம் எத்தனை பேருடைய திரையில் உள்ளது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ‘வலப்பக்கம் மேலே இருப்பவர் பதில் சொல்லட்டும்’ என்று கூறுவதில் பொருளில்லை. வரிசை ஒவ்வொரு திரையிலும் வேறு. பெயர் சொல்லி அழைப்பதே முறை.

பேசுபவர் காட்சியும் கட்டக் காட்சியும்

திரையை அடுக்கும் முறைகள் பலவாயினும் அடிப்படை இரண்டே. முதலாவது, பேசுபவரின் படம் பெரிதாகவும் மற்றவர் படங்கள் ஓரத்தில் சிறியனவாகவும் அமைவது. இரண்டாவது, எல்லோருடைய படங்களும் சம அளவுள்ள கட்டங்களாக அமைவது. விரிவுரைக்கு முதலாவதும், கலந்துரையாடலுக்கு இரண்டாவதும் ஏற்றவை.

முதலாவது முறையில், பேசுபவர் யார் என்பதைக் கருவி எவ்வாறு அறிகிறது? ஒவ்வொருவரிடமிருந்தும் வரும் ஒலியின் வலிமையை அது இடைவிடாது ஒப்பிட்டு, மேலோங்கி ஒலிப்பவரை நடுவில் நிறுத்துகிறது. பேச்சின் பொருளை அது அறிவதில்லை. ஆகவே ஒருவர் உரக்க இருமினாலும், பக்கத்தில் பிரஷர் குக்கர் விசில் அடித்தாலும், அவரைப் பேச்சாளர் என்று கருதி முன்னே கொண்டுவந்துவிடக் கூடும். கூட்டத்தில் பேசாத மற்றவர்கள் மைக்கை மூடிவைக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மூடாத மைக் செவிக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் இடையூறு செய்கிறது.

இம்முறையில் மற்றொரு குறையும் உண்டு. மெல்லப் பேசுபவரும் பேசாதிருப்பவரும் திரையை விட்டே மறைந்துபோகின்றனர். முப்பது பேர் உள்ள வகுப்பில் பின்வரிசைப் பிள்ளையை ஆசிரியர் கண்ணால் தேடிக் கண்டுகொள்வார். திரையில் அப்பிள்ளை மூன்றாம் பக்கத்தில் இருக்கும். ஆகவே, பாடத்தின் இடையே ஓரிரு முறை கட்டக் காட்சிக்கு மாறி, எல்லாப் பக்கங்களையும் தள்ளிப் பார்ப்பது ஆசிரியருக்குப் பழக்கமாக வேண்டும். கை உயர்த்தும் பொத்தானை மாணவர்களுக்கு முதல் நாளே கற்பித்துவிடுதல் நலம். அதை அழுத்துபவரின் பெயரோ கட்டமோ பல அமைப்புகளில் நடத்துபவரின் திரையில் முன்னே வந்து நிற்கும். குரல் எழுப்பக் கூசும் பிள்ளைக்கு இப்பொத்தான் பெருந்துணை.

ஊன்றுதலும் முன்னிறுத்துதலும்

கருவியின் தேர்வை ஏற்காமல், நாமே ஒருவரைத் திரையில் நிலைநிறுத்தவும் வழி உண்டு. இதில் இருவகை உள. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் பலர்.

குண்டூசிப் படம் உள்ள ‘பின்’ என்னும் பொத்தான், ஒருவரின் படத்தை நம் திரையில் ஊன்றி நிறுத்துகிறது. பொதுவாக இது நம் திரைக்கு மட்டுமே உரிய ஏற்பாடு. பிறர் திரையில் எம்மாறுதலும் நிகழாது. ‘ஸ்பாட்லைட்’ என்பது வேறு. கூட்டத்தை நடத்துபவர் அதனைக் கொண்டு ஒருவரை எல்லோருடைய திரையிலும் முன்னிறுத்துகிறார். ‘ஜூம்’ செயலியில் இவ்விரு பெயர்களும் இவ்வாறே வழங்குகின்றன. ‘கூகுள் மீட்’ போன்ற வேறு செயலிகளில் பெயர்கள் சற்று மாறுபடலாம். அங்கு நடத்துபவருக்கு ‘எனக்கு மட்டும்’, ‘எல்லோருக்கும்’ என்ற இரு தேர்வுகள் காட்டப்படும்போது அவற்றைப் படித்துப் பார்த்தே அழுத்த வேண்டும்.

இவ்வேற்றுமையின் முக்கியத்துவத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். செவித்திறன் குன்றிய மாணவி ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள். அவளுக்காகச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். பெயர்ப்பாளர் வாய்திறந்து பேசுவதில்லை. ஆதலால் ஒலியைக் கொண்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் கருவி அவரை ஒருபோதும் முன்னே கொண்டுவராது. ஆசிரியர் தம் திரையில் பெயர்ப்பாளரை ஊன்றி வைத்துக்கொண்டு, ஏற்பாடு முடிந்தது என எண்ணக்கூடும். மாணவியின் திரையிலோ ஆசிரியரின் முகமே பெரிதாக நிற்கும். பாடப்படம் காட்டத் தொடங்கியதும், பெயர்ப்பாளர் விரல் நகம் அளவே உள்ள கட்டத்துக்குள் சுருங்கிவிடுவார். அவ்வளவு சிறிய படத்தில் விரல்களின் அசைவும் முகத்தின் பாவமும் புலப்படா. மாணவிக்கு அந்நேரத்தில் வகுப்பே இல்லை. ஆனால் அவள் பெயர் வருகைப் பட்டியலில் இருக்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. பெயர்ப்பாளரை எல்லோருக்குமாக முன்னிறுத்தலாம். அல்லது மாணவி தன் திரையில் அவரை ஊன்றிக்கொள்ளக் கற்பிக்கலாம். பின்னர், ‘உன் திரையில் யார் பெரிதாகத் தெரிகிறார்?’ என்று எழுத்து மூலம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இந்தியச் சைகைமொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஒன்று 2015ஆம் ஆண்டு டில்லியில் நிறுவப்பட்டது. பாடநூல்களைச் சைகைமொழியில் ஆக்குவதற்காக அம்மையம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சிலுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இத்தகைய முயற்சிகள் மாணவரைச் சென்று எட்டுவதற்கு, கடைசியில் ஒரு பொத்தானைச் சரியாக அழுத்துவதும் வேண்டியிருக்கிறது.

வயலிலிருந்து காட்டும்போது

வேளாண்மைப் பணியாளர் ஒருவர் நெல் வயலில் நின்றுகொண்டு, நோய் கண்ட இலையைக் காணொளி வாயிலாக நிபுணருக்குக் காட்டுகிறார். குலைநோயின் புள்ளி கண்ணைப் போன்ற வடிவுடையது. இரு முனைகளும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்டிருக்கும். பழுப்புப் புள்ளி நோயின் புள்ளி முட்டை வடிவாகவோ வட்டமாகவோ இருக்கும். அதனைச் சுற்றி மஞ்சள் வளையம் காணப்படும். தழைச்சத்து மிகுந்தால் குலைநோய் கடுமையாகும். பழுப்புப் புள்ளி நோயோ சத்துக் குறைந்த நிலத்தில் பெருகும். எனவே ஒன்றை மற்றொன்றாகக் கருதினால், உரமிடுவது பற்றிய யோசனையே தலைகீழாகிவிடும்.

இவ்விரு புள்ளிகளின் வேற்றுமை சிறிய கட்டத்தில் தெரியுமா? சிறு கட்டங்களுக்கு 320 புள்ளி அகலமும் 180 புள்ளி உயரமும் உள்ள படம் போதும் எனக் கருவி கேட்டு வாங்குவதுண்டு. அதில் மொத்தம் 57,600 புள்ளிகளே உள்ளன. அன்றியும், காணொளியைச் சுருக்கும் வழக்கமான முறையில் வெளிச்ச விவரம் முழுமையாகவும், நிற விவரம் அதில் நான்கில் ஒரு பங்கு அளவிலும் அனுப்பப்படுகிறது. மனிதக் கண் வெளிச்சத்தின் வேற்றுமையை நுட்பமாகவும், நிற வேற்றுமையை அவ்வளவு நுட்பமின்றியும் காண்பதால் முகங்களைப் பார்க்கையில் இக்குறை தோன்றுவதில்லை. இலையின் மெல்லிய மஞ்சள் வளையமோ இதில் கரைந்துபோகும்.

ஆகவே நிபுணர் அப்படத்தைத் தம் திரையில் ஊன்றிப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். கட்டம் பெரிதானதும், இணையம் இடங்கொடுக்குமாயின், அவரது கருவி கூடுதல் விவரமுள்ள படத்தைக் கேட்டுப் பெறும். பணியாளரும் முன்காமிராவை விடுத்துப் பின்காமிராவுக்கு மாற வேண்டும். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து, இலையை அசையாது வைத்துச் சில நொடிகள் காட்ட வேண்டும். அசையும் படத்தில் விவரம் குறையும். இவற்றுக்குப் பின்னும் ஐயம் இருப்பின், காணொளியை நம்பாமல், தனியே ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புவதே சரி. 12 மெகாபிக்சல் காமிராவின் படத்தில் முற்கூறிய சிறு கட்டத்தைவிட ஏறத்தாழ இருநூறு மடங்கு புள்ளிகள் உள்ளன.

எழுத்தின் அளவு

பாடப்படங்களைத் திரையில் பகிரும்போதும் இத்தகைய கணக்கு அவசியம். மடிக்கணினியின் திரை ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் அகலம் உடையது. கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். நேராகப் பிடித்தால் 7 சென்டிமீட்டர். ஆசிரியரின் திரையில் 5 மில்லிமீட்டர் உயரம் உள்ள எழுத்து, கிடையாகப் பிடித்த கைப்பேசியில் 2 மில்லிமீட்டராகவும், நேராகப் பிடித்ததில் 1 மில்லிமீட்டராகவும் குறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் எழுத்தைப் படிப்பது எவர்க்கும் கடினம். ஒரு படத்தில் ஐந்தாறு வரிகளுக்கு மேல் இடாதிருப்பதும், கைப்பேசியைக் கிடையாகத் திருப்பச் சொல்வதும் இதற்கு ஏற்ற வழிகள்.

முழுத் திரையையும் பகிராமல், வேண்டிய ஒரு சாளரத்தை மட்டும் பகிர்வதே பாதுகாப்பானது. முழுத் திரையைப் பகிரும்போது, இடையே வரும் தனிப்பட்ட செய்திகளும், திறந்து கிடக்கும் மதிப்பெண் பட்டியலோ நோயாளிகளின் விவரமோ எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். திரைப்படத் துண்டு ஒன்றைக் காட்டுவதாயின், பகிர்வதற்கு முன் ‘ஒலியையும் பகிர்க’ என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும். இதனை மறந்தால் பிள்ளைகள் ஊமைப்படம் பார்ப்பர்; ஆசிரியரின் அறையில் ஒலி நன்றாகக் கேட்பதால் அவருக்குத் தெரியவராது.

திரை அமைப்பும் டேட்டாச் செலவும்

திரையில் எத்தனை முகங்கள் தெரிகின்றன என்பது அழகு பற்றிய விஷயம் மட்டுமன்று, செலவு பற்றியதுமாகும். ஜூம் நிறுவனம் பயனர்களுக்கு வெளியிட்டுள்ள அளவுகளின்படி, குரல் மட்டும் செல்ல நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். முகங்கள் இன்றித் திரையை மட்டும் பகிர 50 முதல் 75 கிலோபிட் போதும். இருபத்தைந்து முகங்களைக் கட்டக் காட்சியில் பெறுவதற்கோ நொடிக்கு 2 மெகாபிட் தேவை.

இதை ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால், குரல் மட்டும் ஏறத்தாழ 36 மெகாபைட்; குரலும் பகிர்ந்த திரையும் சேர்ந்து ஏறத்தாழ 70 மெகாபைட்; இருபத்தைந்து முகங்கள் 900 மெகாபைட் ஆகின்றன. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிகாபைட் அளவுள்ள கைப்பேசித் திட்டத்தோடு மடிக்கணினியை இணைத்துக் கூட்டத்தில் அமரும் பணியாளர், கட்டக் காட்சியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால், அன்றைய அளவில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். இரண்டாவது மணி நேரத்தில் அவர் குரல் வெட்டுண்டு கேட்கும். பின்னர் கூட்டத்தினின்றே விலகிவிடுவார். நடத்துபவர் இதனை அக்கறையின்மை என்று கொள்ளவும் கூடும்.

ஆகவே இணையம் மெலிந்தவர்கள் முதலில் தம் காமிராவை மூடலாம். அதனால் அனுப்பும் செலவு மட்டுமே குறையும் என்பதை அறிய வேண்டும். வாங்கும் செலவைக் குறைக்க, கட்டக் காட்சியை விட்டுப் பேசுபவர் காட்சிக்கு மாற வேண்டும். வரும் படங்களை முற்றிலும் நிறுத்தும் வசதி சில செயலிகளில் உண்டு, அதையும் கையாளலாம். ‘அனைவரும் காமிராவைத் திறந்தே வைக்க வேண்டும்’ என்ற கட்டளையை இடுவதற்கு முன், அக்கட்டளையின் விலையை யார் கொடுக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது நியாயம்.

ஒலியின் ஒழுங்கு

படம் நின்றுபோனாலும் கூட்டம் நடக்கும். குரல் நின்றால் நடவாது. ஒரே அறையில் இருவர் தனித்தனிக் கருவிகளில் சேர்ந்தால், ஒன்றின் ஒலிபெருக்கியில் வருவது மற்றொன்றின் மைக்கில் புகுந்து எதிரொலியாகச் சுழலும். ஒரு கருவியின் மைக்கையும் ஒலிபெருக்கியையும் இரண்டையுமே மூடிவிடுவதுதான் இதற்குத் தீர்வு.

குரல் சென்று சேர்வதில் ஏற்படும் தாமதமும் கருதத்தக்கது. ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்கு உட்பட்டிருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை. தாமதம் மிகும்போது இருவர் ஒருசேரப் பேசத் தொடங்கி, ஒருசேர நிறுத்துவர். ஆசிரியர் கேள்வி கேட்டபின் மூன்று நான்கு நொடிகள் காத்திருப்பது இதனால் அவசியமாகிறது. மைக்கைத் திறக்கவும் பிள்ளைக்கு நேரம் வேண்டும். அந்த அமைதியை அறியாமை என்று எண்ணி அடுத்தவரிடம் தாவிவிடலாகாது.

தன் முகம்

தன் படத்தைத் திரையில் காணும்போது அது கண்ணாடியில் காண்பதுபோல் இடவலம் மாறித் தோன்றும். கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியர், எழுத்து தலைமாறித் தெரிவதைக் கண்டு திகைப்பதுண்டு. பொதுவாக இம்மாற்றம் அவர் திரையில் மட்டுமே. மாணவருக்கு எழுத்து நேராகவே செல்லும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரமி பெய்லன்ஸன் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், காணொளிக் கூட்டங்களால் ஏற்படும் சோர்வுக்கு நான்கு காரணங்களை எடுத்துரைத்தார். தன் முகத்தையே இடைவிடாது காண்பது அவற்றுள் ஒன்று. கூட்டத்தின் தொடக்கத்தில் காமிராவின் கோணத்தைச் சரிபார்த்துவிட்டுத் தன் படத்தைத் தன் திரையிலிருந்து மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதி உள்ளது. பிறருக்கு அவர் தெரிந்துகொண்டே இருப்பார் என்பதை மட்டும் மறக்கலாகாது.

நடத்துபவர் மேற்கொள்ள வேண்டியவை

கூட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் முன்னதாக, மற்றொரு கைப்பேசியிலும் அதே கூட்டத்தில் சேர்ந்து, மைக்கையும் ஒலியையும் மூடி, அதனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது மிகப் பயனுள்ள பழக்கம். பிறர் காண்பது என்ன என்பதை அச்சிறு திரை உடனுக்குடன் காட்டிவிடும். எழுத்து சிறிதாயிற்றா, ஒலி செல்கிறதா, முன்னிறுத்தியவர் முன்னே நிற்கிறாரா என்பவற்றை யாரையும் கேட்காமலே அறியலாம். இரண்டாவது கருவி இல்லாதவர், கலந்துகொள்வோருள் கைப்பேசியில் சேர்ந்த ஒருவரிடம், தாம் காண்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லுமாறு கேட்கலாம்.

ஒவ்வொருவரும் தம் பெயரோடு ஊர்ப் பெயரையும் கட்டத்தின் கீழ் இட்டுக்கொள்ளச் சொல்வது, பெயர் சொல்லி அழைப்பதற்கு உதவும். கூட்டத்தைப் பதிவுசெய்வதாயின் முன்னரே அனைவருக்கும் அறிவித்து, பதிவில் எந்தப் படம் இடம்பெறுகிறது என்று சிறிது பதிவுசெய்து பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கூட்டமாயின், திரையைக் கவனிப்பதற்கென ஒருவரைத் துணையாக அமர்த்திக்கொள்வது சிறந்தது. பாடம் நடத்திக்கொண்டே பொத்தான்களையும் கவனிப்பது எவர்க்கும் எளிதன்று.

1975ஆம் ஆண்டில் கிராமத்துப் பெட்டியின்முன் அமர்ந்திருந்தவருக்குத் திரையை மாற்றும் அதிகாரம் இல்லை. அதனால் தவறும் அவருடையதாக இருக்க முடியவில்லை. இன்று அவ்வதிகாரத்தில் ஒரு பகுதி ஒவ்வொருவர் கையிலும், பெரும்பகுதி கூட்டத்தை நடத்துபவர் கையிலும் உள்ளது. சிறிய திரையும் மெலிந்த இணையமும் உடையவர் யாரோ அவருக்கு ஏற்றவாறு ஒழுங்கு செய்யப்பட்ட கூட்டம், மற்ற எல்லோருக்கும் போதுமானதாகவே அமையும்.